சீழுக்கு ஒரு நாகரிகமான பெயர்

என் தங்கை சீழ் எடுப்பவள். இத்தனை வருடத்தில் இதை ஒருவரிடமும் நான் இப்படிப் பச்சையாகச் சொன்னதில்லை. "ஆஸ்பத்திரியில் வேலை" என்பேன். நர்ஸா என்று கேட்டால் "அந்த மாதிரிதான்" என்பேன். அதற்கு மேலும் நோண்டுகிறவர்களிடம் மழை வருமா வராதா என்று பேச ஆரம்பித்துவிடுவேன்.

பெரிய ஆஸ்பத்திரியின் தரைத்தளத்தில், எக்ஸ்ரே அறைக்கும் கழிப்பறைக்கும் நடுவில் கட்டு அறை இருக்கிறது. ஆறாத புண் உள்ளவர்கள் வாசலில் இருக்கும் நீளப் பெஞ்சில் உட்கார்ந்திருப்பார்கள். ஒவ்வொருவராக உள்ளே கூப்பிட்டு, பழைய கட்டை அவிழ்த்து, புண்ணைக் கழுவி, சீழைப் பிதுக்கி, அழுகலை வெட்டி, புதுக் கட்டுப் போட்டு அனுப்புவாள். ஒரு நாளைக்கு நாற்பது புண், சில நாள் அறுபது. அங்கே எல்லோருக்கும் அவள் "கட்டுக்கார அக்கா". அவளைவிட இருபது வயது பெரியவர்கள்கூட அக்கா என்றுதான் கூப்பிடுகிறார்கள். காலை அவள் கையில் கொடுத்துவிட்ட பிறகு வயதாவது ஒன்றாவது.

எனக்கோ அருவருப்பு கூடவே பிறந்தது. பாலில் ஆடை மிதந்தால் குமட்டும். பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் மூக்கைச் சிந்தினால் அன்றைக்குச் சாப்பாடு அவ்வளவுதான். அவள் இதற்கு நேர் எதிர். எங்கள் அப்பாவின் முதுகில் ஒரு தடவை எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு கட்டி வந்தது. பழுத்து, உடையவும் மாட்டாமல், அவரைக் குப்புறப் போட்டு வைத்திருந்தது. அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நான் வாசலுக்கே போய்விட்டேன். பன்னிரண்டு வயதுப் பெண், வெந்நீரும் பழந்துணியுமாக அவர் பக்கத்தில் உட்கார்ந்து, "அப்பா, பல்லைக் கடிச்சுக்கோங்க" என்று சொல்லி இரண்டு கட்டைவிரலாலும் அழுத்தினாள். தெறித்தது அவள் கன்னத்தில். புறங்கையால் துடைத்துவிட்டு மறுபடியும் அழுத்தினாள். அப்பா அன்றைக்குத்தான் நான்கு நாளுக்குப் பிறகு மல்லாந்து படுத்தார். நான் ஒரு வாரத்துக்கு அவள் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடவில்லை.

படிப்பு அவளுக்கு ஏறவில்லை. ஆஸ்பத்திரியில் தரை துடைக்கிற வேலைக்குத்தான் முதலில் சேர்ந்தாள். ஒரு நாள் கட்டுப் போடுகிற ஆள் வரவில்லை. டாக்டர் ஒரு கிழவரின் தொடைப் புண்ணை வெட்டிக்கொண்டிருக்கும்போது, தட்டைப் பிடித்திருந்த பயிற்சி நர்ஸ் மயங்கி விழுந்தாள். தரை துடைத்துக்கொண்டிருந்த என் தங்கை துடைப்பத்தைச் சுவரில் சாத்திவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு வந்து தட்டைப் பிடித்தாளாம். மறுநாளும் அவளையே கூப்பிட்டார்கள். அதற்கு மறுநாளும். இருபத்தாறு வருடம் ஆகிவிட்டது.

அவள் புருஷன் பஸ் டிப்போவில் மெக்கானிக். "அவருக்கு கிரீஸ், எனக்குச் சீழ். எங்க வீட்டுல சோப்புதான் சீக்கிரம் தேயும்" என்று அவளே சொல்லிச் சிரிப்பாள். நான் சிரித்ததில்லை. அவள் எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டுப் போனால், அவள் உட்கார்ந்த நாற்காலியை ஈரத்துணியால் துடைப்பேன். என் மனைவி அதைப் பார்த்துவிட்டு, "உங்க தங்கச்சியைவிட நீங்கதான் எனக்கு அருவருப்பா இருக்கு" என்றாள் ஒரு தடவை.

என் வேலை சுத்தமான வேலை. மேஜை, மின்விசிறி, அகராதிகள். சுகாதாரப் பிரசுர அலுவலகத்தில் மொழிபெயர்ப்பாளர் நான். ஆஸ்பத்திரிகளில் இலவசமாகக் கொடுக்கிறார்களே, மூன்றாக மடித்த காகிதம், கை கழுவுவது எப்படி, கொசு ஒழிப்பது எப்படி என்று, அவற்றில் உள்ள தமிழ் என்னுடையது. பெயர் போட மாட்டார்கள். போடாமல் இருந்ததே நல்லதாகப் போயிற்று என்று பின்னால் நினைத்துக்கொண்டேன்.

போன வருடம் சர்க்கரை நோயாளிகளின் கால்புண் பற்றி ஒரு பிரசுரம் வந்தது. மூலத்தில் 'பேகோசைட்' என்று ஒரு சொல். ரத்தத்தில் திரிகிற ஒரு வகை செல். கிருமி எங்கே நுழைந்தாலும் அங்கே போய் அதை விழுங்கிவிடும். ரத்தத்தில் சர்க்கரை ஏறினால் இந்த செல்கள் மந்தமாகிவிடும், புண் ஆறாது, ஆகவே சர்க்கரையைக் கட்டுக்குள் வையுங்கள் என்பதுதான் விஷயம். மூன்றே வரி.

சொல்லின் வேரைத் தோண்டுவது எனக்குப் பிடித்த வேலை. தோண்டினேன். கிரேக்கத்தில் முதல் பாதிக்குத் தின்பது என்று பொருள். இரண்டாம் பாதிக்குக் குழிந்த பாத்திரம் என்று பொருள். அதைத்தான் பின்னாளில் செல்லுக்கு எடுத்துக்கொண்டார்கள். சேர்த்தால், தின்கிற பாத்திரம். இந்த செல்களின் வேலையைக் கண்டுபிடித்தவர் நட்சத்திரமீனின் குஞ்சுகளை வைத்துக்கொண்டுதான் ஆராய்ச்சி செய்தார். கண்ணாடி மாதிரி உள்ளே எல்லாம் தெரியும் உடம்பு அதற்கு. அதில் ஒரு முள்ளைக் குத்திவிட்டு, காலையில் பார்த்தால் முள்ளைச் சுற்றி செல்கள் மொய்த்துக்கொண்டிருந்தன. தின்ன வந்த கூட்டம். அதற்கு ஒரு பெயர் வேண்டுமென்று கிரேக்கம் தெரிந்தவர்களைக் கேட்டு வாங்கினார். பெரியவற்றுக்குப் பெருந்தின்னி, சிறியவற்றுக்குச் சிறுதின்னி என்கிற மாதிரி பிரித்தும் வைத்தார். ஜெர்மன் மொழியில் மனிதர்கள் சாப்பிடுவதற்கு ஒரு வினை, மிருகங்கள் தின்பதற்கு வேறு வினை. அவர்கள் இந்த செல்லின் பெயரில் மிருகத்தின் வினையைத்தான் போட்டிருக்கிறார்கள். உலகமே கூச்சமில்லாமல் தின்னி என்று சொல்லிக்கொண்டிருக்கிறது.

எனக்குக் கூசியது. தின்னி என்பது எங்கள் வீட்டில் ஒரு மாமாவுக்கு வைத்த பெயர். வாய் ஓரத்தில் வழிய வழிய மெல்லுவார். அந்தப் பெயரைப் போய் அரசாங்கப் பிரசுரத்தில் எழுதுவதா? சந்தேகத்துக்குத் தங்கைக்குப் போன் போட்டேன். வேறு யாரிடம் கேட்பது?

"சீழ்னா சரியா என்னம்மா?"

"காலங்காத்தால உனக்கு என்ன அந்தக் கவலை?" என்று சிரித்தாள். "கிருமியைத் தின்னுட்டு செத்ததுங்கதான் சீழ். எங்க டாக்டர் சொல்வார். தின்னுடுச்சு, தின்னே செத்துடுச்சு, அதைத்தான் நான் வழிச்சுப் போடறேன்."

"அந்த செல்லுக்குத் தமிழ்ல என்ன வைக்கலாம்?"

"தின்னின்னு வை. அதானே செய்யுது."

"அசிங்கமா இருக்கே."

"புண்ணு அசிங்கம்தான் அண்ணா. அதுக்கு என்ன பண்றது?"

நான் 'உண்ணணு' என்று வைத்தேன். தின்பது போய் உண்பது வந்தது. கேட்பதற்கு மரியாதையாக இருந்தது. கை அதோடு நிற்கவில்லை. சீழ் என்ற சொல்லை எழுதும்போதே மூக்கில் ஏதோ ஏறியது. அதை 'வெண்கசிவு' ஆக்கினேன். நோய் என்று படிக்கிறவர்களுக்கு மனம் சுருங்குமே என்று 'சர்க்கரை நோய்' என்பதைச் 'சர்க்கரைக் குறைபாடு' ஆக்கினேன். முடிவில் அந்த மூன்று வரி இப்படி வந்தது: "சர்க்கரைக் குறைபாட்டினால் நம்மைக் காக்கும் உண்ணணுக்கள் சோர்வடையும். அதனால் காயத்தில் வெண்கசிவு தோன்றலாம். உண்ணணுக்களின் ஊக்கம் குன்றாமல் காப்பது நம் கடமை."

எங்கள் தலைமை ஆசிரியர் மேஜையிலேயே சாப்பிட்டுக்கொண்டு படிப்பவர். படித்துவிட்டு, வாயில் சோற்றோடு, "அடடா. சாப்பிடுற நேரத்துலயும் படிக்கிற மாதிரி எழுதியிருக்கீங்க" என்றார். இருபதாயிரம் பிரதி அடித்தார்கள். நானும் ஒன்றை வீட்டுக்குக் கொண்டுபோய் அலமாரியில் வைத்தேன்.

நான்கு மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தங்கை வந்தாள். உட்காரக்கூட இல்லை. பையிலிருந்து மடித்த காகிதத்தை எடுத்து என் முன்னால் போட்டாள். ஓரமெல்லாம் எண்ணெய்க் கறை. மெஷின் எண்ணெய்.

"இது உங்க ஆபீஸ்தானே? நான் தின்னின்னு சொன்னதை எவன் இப்படி மாத்தி எழுதினான்?"

"ஏன்?" என்றேன்.

சொன்னாள். ஒரு தையல்காரர். பேருந்து நிலையத்துக்குப் பின்னால் மாடிப்படிக்கு அடியில் சின்னக் கடை, மிதிக்கிற மெஷின். சர்க்கரை முற்றி, பாதத்தில் உணர்ச்சியே கிடையாது. உடைந்த மெஷின் ஊசி ஒன்று செருப்பைத் துளைத்து உள்ளங்காலில் ஏறியிருக்கிறது. தெரியாமலே நான்கு நாள் மெஷின் மிதித்திருக்கிறார். அவர் மனைவி தரையில் ரத்தத் தடத்தைப் பார்த்துத்தான் கண்டுபிடித்திருக்கிறாள். மருந்துக்கடையில் ஊசியை எடுத்து, மருந்து போட்டு, இந்தக் காகிதத்தையும் கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள். அதற்கு ஒரு மாதம் முன்னால், மாத்திரை கூடிப்போய் ஒரு நாள் மயங்கி விழுந்திருந்தார் அவர். "சர்க்கரை குறைஞ்சிடுச்சு, கையில குளுக்கோஸ் வெச்சுக்குங்க" என்று யாரோ சொல்லியிருந்தார்கள்.

"இதைப் படிச்சிருக்காரு. சர்க்கரைக் குறைபாடுன்னு போட்டிருக்கு. சர்க்கரை குறைஞ்சா அந்த உண்ணணு சோர்ந்துடும்னு நெனச்சிருக்காரு. யாரா இருந்தாலும் அப்படித்தானே நெனைப்பாங்க? வேளைக்கு மூணு ஸ்பூன் குளுக்கோஸ் கரைச்சுக் கரைச்சுக் குடிச்சிருக்காரு அண்ணா. பதினஞ்சு நாள்! சீழ் வந்திருக்கு. அதுக்கு இதுல வெண்கசிவாம். ஏதோ நல்லதுதான் கசியுதுன்னு துணியைச் சுத்திக்கிட்டு உக்காந்திருக்காரு. நாத்தம் தாங்காம துணி தைக்க வந்த பொம்பளைங்க கடைவாசல்லயே திரும்பிப் போகவும்தான் எங்கிட்ட வந்தாரு."

"இப்ப எப்படி இருக்கு?"

"பெரிய டாக்டர் வர்ற வெள்ளிக்கிழமை வரைக்கும் பாக்கலாம்னு சொல்லியிருக்காரு. அதுக்குள்ள தெளியலைன்னா முழங்காலுக்குக் கீழ எடுத்துடுவாங்க." காகிதத்தைக் காட்டினாள். "யாருன்னு விசாரி. விரல்ல ஒரு தடவை சீழ் பட்டிருந்தா அவன் இப்படி எழுதியிருப்பானா?"

"விசாரிக்கிறேன்" என்றேன். நான், இந்த வாயால், விசாரிக்கிறேன் என்றேன். அவள் போன பிறகு அவள் நின்ற இடத்தைத் துடைக்கத் தோன்றவில்லை. அலமாரியிலிருந்த என் பிரதியைத்தான் எங்கேயாவது கொண்டுபோய்ப் போட்டுவிட வேண்டும் போலிருந்தது.

திங்கட்கிழமை தலைமை ஆசிரியரிடம் போனேன். பிரசுரத்தைத் திரும்பப் பெறச் சொன்னேன். அவர் பழம் உரித்துக்கொண்டிருந்தார்.

"படிச்சவர் தப்பாப் புரிஞ்சுக்கிட்டா நாம என்ன சார் பண்ண முடியும்? குறைபாடுன்னா கோளாறு. அகராதியைப் பாருங்க."

"குறையிறதுன்னும் இருக்கு சார். அதே அகராதியில."

"சாப்பாட்டைப் பத்தி வேற பிரசுரம் இருக்கே, அதுல தெளிவாப் போட்டிருக்கோமே. ரெண்டையும் சேர்த்துப் படிக்கணும். சரி, அடுத்த பதிப்புல பாத்துக்கலாம். ஆனா சீழ், தின்னி எல்லாம் வேண்டாம். படிக்கிறவங்களுக்கு ஒரு மாதிரியா இருக்கும்."

பழத்தின் ஒரு சுளையை எனக்கும் நீட்டினார். அந்த விரல்களைப் பார்க்கவே எனக்குக் குமட்டியது. அவர் மேல் வந்த கோபத்தில் முக்கால்வாசி என் மேல் வந்ததுதான் என்பதும் தெரிந்திருந்தது; அவர் என்னுடைய சொற்களைத்தானே எனக்கே திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்தார்? கீழே கிடங்குக்குப் போய், மிச்சமிருந்த ஆறாயிரம் பிரதிகளின் கட்டுகள்மேல் 'வெளியே அனுப்பக் கூடாது' என்று எழுதி என் கையெழுத்தைப் போட்டேன். பதினாலாயிரம் ஏற்கெனவே வெளியே போய்விட்டிருந்தது.

புதன்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போனேன். இருபத்தாறு வருடத்தில் முதல் தடவையாகத் தங்கையின் அறைக்குள் போனேன்.

கதவைத் திறந்ததுமே வாடை முகத்தில் அடித்தது. கர்ச்சீப்பை எடுத்தேன். "மூக்கை மூடினா வெளிய நில்லு. எங்க ஆளுங்களுக்கு அது ஒரு மாதிரி இருக்கும்" என்றாள் திரும்பாமலே. கர்ச்சீப்பைப் பைக்குள் வைத்தேன். பச்சை ரெக்சின் போட்ட கட்டில். காலை வைக்க ஒரு இரும்பு ஸ்டாண்டு. கட்டிலுக்குக் கீழே மஞ்சள் பை மாட்டிய வாளி, அதில் அவிழ்த்துப் போட்ட கட்டுகள் பழுப்பும் பச்சையுமாகக் குவிந்திருந்தன. ஜன்னல் கம்பியில் ஒரு ரேடியோ மெதுவாகப் பாடிக்கொண்டிருந்தது.

கட்டிலில் ஒல்லியாக ஒருவர் உட்கார்ந்திருந்தார். சட்டைக் காலரில் வரிசையாக மூன்று குண்டூசி. அவர்தான் தையல்காரர். பக்கத்தில் நின்ற மனைவி அவர் குதிகாலை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்திருந்தாள். தங்கை கட்டைச் சுற்றிச் சுற்றி அவிழ்த்தாள். கடைசிச் சுற்று ஒட்டிக்கொண்டு வர மறுத்தது. சலைன் உப்புத் தண்ணீரை ஊற்றி ஊற வைத்து, தோலுக்கு நோகாமல் பிரித்தாள். நோகாமல் என்று நான் சொல்கிறேன். அந்த மனிதருக்குத்தான் ஒன்றுமே தெரியவில்லையே.

உள்ளங்காலில் ஒரு குழி. விளிம்பெல்லாம் வெளிறி, நடுவில் சாம்பல் நிறத்தில் அழுகிய சதை நூல்நூலாகத் தொங்கியது. அவள் மேல்பக்கத்தை விரலால் அழுத்தியதும் மஞ்சளாக, கெட்டியாக, மெதுவாக எட்டிப்பார்த்தது. வழிந்து ஸ்டாண்டில் சொட்டியது. வெண்கசிவு என்று எழுதினேனே, அது இதுதான். வெள்ளையும் இல்லை, கசியவும் இல்லை.

"நேத்து வந்ததுல இது பாதிதான் இருக்கு" என்றாள் தங்கை உற்சாகமாக. "டெய்லர், குளுக்கோஸை நிறுத்தினதுல இருந்து உங்க தின்னிங்க முழிச்சுக்கிடுச்சு போல. இதோ பாருங்க, ஓரத்துல சிவப்புத் தெரியுது. பாத்தீங்களா?"

"பாத்தேன்கா. நல்லதுதானே?"

"நல்லதுதான். வெள்ளிக்கிழமை வரைக்கும் இப்படியே வந்துட்டா மெஷின்ல போய் உக்காந்துடலாம்."

சொல்லிக்கொண்டே இடுக்கியால் அழுகலை இழுத்துப் பிடித்துக் கத்திரியால் நறுக்கினாள். நறுக்கி நறுக்கித் தட்டில் போட்டாள். குனிந்து முகர்ந்து பார்த்தாள். ஆம், முகர்ந்தாள். "இனிச்ச வாடை வந்தா பச்சைச் சீழ் ஏறுதுன்னு அர்த்தம். இதுல இல்லை" என்று எனக்குப் பாடம் வேறு. நான் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். என் முகம் போன போக்கைத் தையல்காரர் பார்த்துவிட்டார். "மன்னிச்சுக்குங்க சார்" என்றார் என்னிடம். அவர், என்னிடம்.

அவர் போன பிறகு தங்கை கை கழுவினாள். முழங்கை வரை சோப்புப் போட்டு, நகத்துக்கு அடியில் தேய்த்து, நிதானமாக. நான் பக்கத்தில் போய் நின்றேன்.

"அதை எழுதினது நான்தான்."

குழாயை மூடாமலே என்னைப் பார்த்தாள். "எதை?"

"எல்லாத்தையும். அந்த மூணு வரியையும்."

தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. அவள் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் தேவலை.

"எனக்குப் போன் பண்ணிக் கேட்டியே" என்றாள். "தின்னுட்டுச் செத்ததுன்னு சொன்னேனே. தெரியாம எழுதியிருந்தாக்கூடப் பரவாயில்லை அண்ணா. தெரிஞ்சுக்கிட்டு எழுதியிருக்கே. உனக்குக் கூசுதுன்னு அவருக்குச் சொல்லாம விட்டுட்டே."

"தப்புதான்."

"எங்கிட்டச் சொல்லி என்ன? அவர்கிட்டச் சொல்லு."

"கால் ஆறட்டும். ஆறினதும் சொல்லிடறேன்."

"ஆறலைன்னா?"

குழாயை மூடினாள். பெஞ்சில் இன்னும் பதினேழு பேர் இருந்தார்கள். "அடுத்து யாருப்பா?" என்று கதவைத் திறந்தாள்.

வெள்ளிக்கிழமை லீவு போட்டுவிட்டு எட்டு மணிக்கே போய்விட்டேன். யோக்கியன் என்பதால் அல்ல. கால் ஆறிவிட்டது என்று கேட்டுவிட்டால் மன்னிப்பு கேட்பது சுலபம். அந்தச் சுலபத்துக்கு ஆசைப்பட்டுத்தான் போனேன். தையல்காரர் நல்ல சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தார். புது பட்டன்கள். "அக்கா சொன்னாங்க, சிவப்பு நல்லா ஏறியிருக்காம்" என்று என்னிடம் சொன்னார். கடையில் பள்ளிக்கூட யூனிபாரம் முப்பது செட் வெட்டியபடி கிடக்கிறதாம். யாரிடமும் கொடுக்காமல் வைத்திருக்கிறாராம்.

பெரிய டாக்டர் வந்து நின்றார். தங்கை கட்டை அவிழ்த்தாள். எனக்கே தெரிந்தது, புண் சுத்தமாக இருந்தது. ஓரமெல்லாம் இளஞ்சிவப்பு. ஆனால் நடுக்குழி ஆழமாகவே இருந்தது. அவள் மெல்லிய இடுக்கியை மூடி, அதன் நுனியை அந்தக் குழிக்குள் மெதுவாக இறக்கினாள். இறக்கிக்கொண்டே போனாள். 'டக்' என்று ஒரு சத்தம். மரத்தில் தட்டினாற்போல, சின்னதாக. தங்கையின் கை அப்படியே நின்றது. கொஞ்சம் நகர்த்தி மறுபடியும் இறக்கினாள். 'டக்'. இன்னொரு பக்கம். 'டக்'. எலும்பு. சீழ் எலும்புக்குப் போய் அங்கே தங்கிவிட்டது. அந்தப் பதினைந்து நாளிலேயே போயிருக்கும் என்றார் டாக்டர். கையிலிருந்த எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "நாளைக்குக் காலையில எடுத்துடலாம்" என்று நர்ஸிடம் சொன்னார். கையெழுத்துப் போடத் தையல்காரரின் மனைவியைக் கூட்டிக்கொண்டு போனார்கள்.

தையல்காரர் தன் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஒத்தைக் காலால மிதிச்சா தையல் கோணிக்கிட்டுப் போகும்கா" என்றார்.

தங்கை என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வைக்குப் பிறகு தப்பிக்க வழியில்லை.

"அந்தக் காகிதத்தை எழுதினது நான்தான்" என்றேன். "உண்ணணு... சர்க்கரைக் குறைபாடு... அதெல்லாம். சர்க்கரை ஜாஸ்தியாகக் கூடாதுன்னுதான் இருந்துச்சு. நான்தான் தப்பா மாத்தி எழுதிட்டேன்."

அவர் முகம் மாறும் என்று பார்த்தேன். மாறத்தான் செய்தது. மலர்ந்தது.

"நீங்களா சார்?" என்றார். "ரொம்ப நல்லா எழுதியிருந்தீங்க. டாக்டருங்க சொல்றது எதுவும் எனக்கு ஏறாது. இதுதான் முதல் தடவையாப் புரிஞ்சுச்சு. வீட்டுல உரக்கப் படிச்சுக் காட்டினேன். நம்மளை யாரோ மரியாதையா நடத்துறாங்கன்னு இருந்துச்சு சார்."

அவர் நான் சொன்னதைச் சரியாகக் கேட்கவில்லையோ என்று மறுபடியும் சொல்லப் போனேன். கேட்டிருந்தார். எல்லாம் கேட்டிருந்தார். அதற்கு அவர் வைத்திருந்த பதில் இவ்வளவுதான். அவர் காறித் துப்பியிருந்தால்கூட என்மேல் எனக்கு அத்தனை அருவருப்பு வந்திருக்காது.

தங்கை புதுப் பஞ்சை எடுத்து சலைனில் நனைத்தாள். நாளைக்கு வெட்டப் போகிற காலுக்கு எதற்குக் கட்டு என்று எனக்குள் ஓடியது. என் முகத்தில் அது தெரிந்திருக்க வேண்டும்.

"இன்னைக்கு இருக்கில்ல?" என்றாள். பிறகு, தாங்கிப் பிடிக்க மனைவி இல்லாமல் ஸ்டாண்டில் சாய்ந்து கிடந்த குதிகாலைக் காட்டினாள். "பேச்சை விடு அண்ணா. காலைப் பிடி."

கையுறை எங்கே என்று தேடினேன். அவள் பஞ்சைப் பிழிந்துகொண்டிருந்தாள். தேடுவதை விட்டேன். குனிந்து அந்தக் குதிகாலை இரண்டு கையாலும் தாங்கினேன். ஈரமாக இருந்தது. சில்லென்று இருந்தது. குழியிலிருந்து வழிந்தது என் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் இறங்கி, மணிக்கட்டுக்குப் போய், சட்டைக் கைக்குள் போயிற்று. குமட்டியது. விடவில்லை. இன்னும் இறுக்கிப் பிடித்தேன்.

தையல்காரர் கூரையைப் பார்த்தபடி படுத்திருந்தார். கொஞ்ச நேரம் கழித்து, "சார்" என்றார். "பிடிச்சுட்டீங்களா?"

"பிடிச்சிருக்கேன்."

"எனக்குத் தெரியலை சார்" என்றார் அவர்.